வாய் மூட வைக்கப்பட்ட கல்லூரிகள்

1960களின் அமெரிக்க மாணவர் போராட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கதையைத் தொடங்குகிறார்கள். ஐம்பதுகளில் மாணவர்கள் கால்பந்து, நடனம், கார், கல்யாணம் என்று இருந்தார்கள். 1964இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் திடீரென்று விழித்துக்கொண்டார்கள். அப்புறம் வியட்நாம் போர் வந்தது, நாடே கொந்தளித்தது. இந்தக் கதை எனக்கு ஒப்பவில்லை. ஐம்பதுகளின் அமைதியை மாணவர்களின் சுபாவம் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். சட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, ஆசிரியர்களை வேலையை விட்டுத் தூக்கி, ஹாஸ்டல் கதவைப் பூட்டி உண்டாக்கிய அமைதி அது. அதை முதலில் உடைத்த பெருமையும் பெர்க்லிக்கு உரியதில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் அதைச் செய்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் அதிகம்.

இதைப் புரிந்துகொள்ள 1944 ஜூன் 22க்குப் போக வேண்டும். அன்றைக்கு அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தை மக்கள் ஜி.ஐ. பில் என்று அழைத்தார்கள். போர் முடிந்ததும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் வீடு திரும்புவார்கள், அத்தனை பேருக்கும் வேலைக்கு எங்கே போவது என்ற பயம் அரசுக்கு இருந்தது. முதல் உலகப் போரில் சண்டை போட்டவர்கள் 1932இல் தங்கள் போனஸ் தொகையைக் கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டுத் தங்கியதையும், ராணுவத்தை அனுப்பியே அவர்களை விரட்டியதையும் யாரும் மறந்திருக்கவில்லை. அதனால் இந்த முறை வேலையில்லாக் கால உதவி, வீட்டுக் கடன், படிப்புச் செலவு மூன்றையும் சேர்த்துச் சட்டமாக்கினார்கள். படிப்புக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசே கல்லூரிக்குக் கட்டும். மாதாமாதம் கைச்செலவுக்குப் பணமும் தரும். அன்றைய விலையில் ஹார்வர்டில் படிக்கவே அந்த 500 டாலர் போதும்.

படித்தவர்கள் சிலருக்கே இது பிடிக்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் நாடோடிகள் தங்கும் இடமாகிவிடும் என்று எழுதினார். ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட்டும் தகுதி குறைந்தவர்கள் உள்ளே வருவார்கள் என்று கவலைப்பட்டார். நடந்தது வேறு. சுமார் 22 லட்சம் பேர் இந்தச் சட்டத்தின் உதவியோடு கல்லூரிக்குப் போனார்கள். 1947இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போரிலிருந்து திரும்பியவர்கள். அவர்கள் கல்லூரியையே மாற்றிவிட்டார்கள். ராணுவம் விட்டுச்சென்ற தகரக் கொட்டகைகளிலும் டிரெய்லர் வண்டிகளிலும் மனைவி, கைக்குழந்தையோடு குடியிருந்துகொண்டு வகுப்புக்கு வந்தார்கள். முதலாண்டு மாணவன் தலையில் சின்னத் தொப்பி போட வேண்டும், மூத்த மாணவனைக் கண்டால் வணங்க வேண்டும் என்ற பழைய ராகிங் வழக்கங்களுக்கு அவர்கள் கட்டுப்படவில்லை. நார்மண்டியில் குண்டுகளுக்கு நடுவே கரையேறியவனிடம் 19 வயதுப் பையன் போய்த் தொப்பி போடு என்று சொல்ல முடியுமா?

ஆனால் இந்தக் கதவு எல்லாருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. சட்டத்தை நடத்தும் அதிகாரம் மாநிலங்கள் கையிலும் உள்ளூர் அலுவலகங்கள் கையிலும் இருக்கும்படி பார்த்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ரேங்கின். கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கூடாது என்று வெளிப்படையாகவே பேசிய நாடாளுமன்ற உறுப்பினர் அவர். தெற்கில் கறுப்பின வீரர்கள் சேரக்கூடிய கல்லூரிகள் சில மட்டுமே. அவையும் சிறியவை, ஏழ்மையானவை. இடமில்லாமல் ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பின. மெட்கர் எவர்ஸ் என்ற கறுப்பின வீரர் ஐரோப்பாவில் சண்டை போட்டுவிட்டு வந்து, மிசிசிப்பியின் அல்கார்ன் கல்லூரியில் இந்தச் சட்டத்தின் உதவியால் படித்தார். 1954இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது வெள்ளையர் அல்லாதவர் என்பதால் இடம் கிடைக்கவில்லை. பிறகு அந்த மாநிலத்தின் சம உரிமைப் போராட்டத் தலைவர்களில் ஒருவராகி, 1963இல் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பெண்களின் நிலையும் இதில் சொல்லத்தக்கது. ராணுவத்தில் பெண்கள் குறைவு என்பதால் சட்டத்தின் பலன் பெரும்பாலும் ஆண்களுக்கே போனது. ஆண்கள் கூட்டமாக வந்ததும் பல கல்லூரிகள் பெண்களுக்கான இடங்களைக் குறைத்தன.

போர் வீரர்கள் படித்து முடித்துப் போன பிறகு, ஐம்பதுகளின் தொடக்கத்தில், வளாகம் மறுபடி 18, 19 வயதுப் பிள்ளைகளின் இடமானது. பழைய கட்டுப்பாடுகள் அங்கே அப்படியே காத்திருந்தன.

அவற்றுக்குச் சட்ட அடிப்படை ஒன்று இருந்தது: கல்லூரி பெற்றோரின் இடத்தில் நிற்கிறது, எனவே பெற்றோர் பிள்ளைக்குச் சொல்வதை எல்லாம் கல்லூரியும் மாணவனுக்குச் சொல்லலாம். 1913இல் கென்டகியின் பெரியா கல்லூரி, எதிர்ப்புறம் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குத் தன் மாணவர்கள் போகக் கூடாது என்று விதி போட்டது. கடைக்காரர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் கல்லூரி பக்கம் நின்றது. எங்கே சாப்பிடுவது என்பதைக்கூடக் கல்லூரி முடிவு செய்யலாம் என்றாகிவிட்டது. 1928இல் நியூயார்க் மாநிலத்தில் இன்னொரு தீர்ப்பு. சிராக்யூஸ் பல்கலைக்கழகம் ஒரு மாணவியை நீக்கியது. என்ன தப்பு செய்தார் என்று சொல்லவில்லை. 'சிராக்யூஸ் பெண்ணுக்குரிய லட்சணம் இல்லை' என்ற அளவில் காரணம் நின்றது. நீதிமன்றம் அதையும் ஏற்றுக்கொண்டது.

இந்த அதிகாரம் நாள்தோறும் இறங்கியது பெண்கள் மேல். வார நாட்களில் இரவு 10 அல்லது 10:30க்குள் மாணவிகள் விடுதிக்குள் இருக்க வேண்டும். சனிக்கிழமை கொஞ்சம் தாமதிக்கலாம். வெளியே போகும்போது எங்கே, யாரோடு, எப்போது திரும்புவேன் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சில நிமிடம் தாமதமானால் அடுத்த வார இறுதி விடுதிக்குள்ளேயே கழியும். ஆண்களுக்குப் பெரும்பாலான இடங்களில் இப்படி நேரம் கிடையாது. பெண்களைப் பூட்டிவிட்டால் ஆண்கள் தாமாக அறைக்குத் திரும்பிவிடுவார்கள் என்பதே நிர்வாகத்தின் கணக்கு. தமிழ்நாட்டில் பெண்கள் விடுதியில் தங்கிப் படித்த எந்த வாசகிக்கும் இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

1952 வசந்தகாலத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி பல வளாகங்களில் மாணவர்கள் கூட்டமாகத் திரண்டு பெண்கள் விடுதிகளுக்குள் புகுந்து உள்ளாடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்திரிகைகள் அதைக் குறும்பு என்று எழுதின. கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. மாணவிகளின் அச்சத்தை அன்றைக்கு யாரும் பெரிதாகக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் அரசியல்ரீதியாக அது சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: ஆயிரம் மாணவர்கள் ஒரே இடத்தில் கூடுவதற்கு அந்த ஆண்டுகளில் ஆபத்தில்லாத காரணம் அதுவாகத்தான் இருந்தது. வேறு காரணத்துக்குக் கூடினால் என்ன ஆகும் என்று அவர்களின் ஆசிரியர்களைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தார்கள்.

1949 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் மூன்று பேராசிரியர்களை வேலையை விட்டு நீக்கியது. மாநிலச் சட்டமன்றத்தின் விசாரணைக் குழு ஒன்று அதற்கு முந்தைய ஆண்டு வளாகத்தில் கம்யூனிஸ்டுகளைத் தேடியது. அதன் விளைவு இது. பணி நிரந்தரம் பெற்றவர்களையே இப்படி வெளியே அனுப்ப முடியும் என்று தெரிந்ததும் நாடு முழுக்க மற்றக் கல்லூரிகள் பின்பற்றின.

அதே ஆண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு தன் ஊழியர்கள் எல்லாரும் கம்யூனிஸ்ட் கட்சியில் இல்லை என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும் என்றது. பெரும்பாலோர் கையெழுத்திட்டார்கள். சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களைப் பாருங்கள். எட்வர்ட் டோல்மன் அன்றைய அமெரிக்காவின் முதல்தர உளவியலாளர்களில் ஒருவர். எர்ன்ஸ்ட் கான்டோரோவிச் இடைக்கால ஐரோப்பிய வரலாற்றின் பெரிய அறிஞர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். இளமையில் ஜெர்மனியில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்திச் சண்டை போட்டவர். அவருக்கு நிரூபிக்க எதுவும் இல்லை. அரசியல் காற்று வீசும் பக்கமெல்லாம் ஆசிரியன் கையெழுத்துப் போட ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்பதை அவர் நேரில் பார்த்தவர், அதனால்தான் மறுத்தார். 1950 ஆகஸ்டில் ஆட்சிக் குழு 12க்கு 10 என்ற வாக்கில் 31 ஆசிரியர்களை நீக்கியது. அவர்களில் ஒருவர் மீதும் கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டு இல்லை. கையெழுத்திட மறுத்தது மட்டுமே குற்றம். ஆளுநர் ஏர்ல் வாரன் இதை எதிர்த்தார், பலிக்கவில்லை. 1952 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அதற்குச் சொன்ன காரணம் கல்விச் சுதந்திரம் கிடையாது. எல்லா மாநில ஊழியர்களுக்கும் சட்டமன்றம் ஏற்கெனவே ஒரு பிரமாணத்தை விதித்துவிட்டதால் பல்கலைக்கழகம் தனியாக ஒன்று கேட்க முடியாது என்றார்கள். ஒரு கையெழுத்தை மறுத்துத் திரும்பி வந்தவர்கள் எதிரே அதைவிட அகலமான இன்னொரு கையெழுத்து காத்திருந்தது.

மாணவர்கள் இதை எல்லாம் கவனித்தார்கள். ஒரு மனுவில் கையெழுத்திட்டால் நாளைக்கு அரசு வேலைக்குப் போகும்போது எஃப்.பி.ஐ. கேட்கும் என்ற பேச்சு எல்லா விடுதிகளிலும் இருந்தது. 1951இலிருந்து இன்னொரு பிடியும் வந்தது. கட்டாய ராணுவச் சேவையிலிருந்து மாணவர்களுக்குத் தள்ளிவைப்பு கிடைக்க, நாடு தழுவிய ஒரு தகுதித் தேர்வில் 70 மதிப்பெண் வாங்க வேண்டும், அல்லது வகுப்பில் மேல் வரிசையில் இருக்க வேண்டும். மதிப்பெண் குறைந்தால் கொரியா. இந்த நிலையில் ஒருவன் தலையைக் குனிந்து படித்தான் என்றால் அவனை அரசியல் அக்கறை இல்லாதவன் என்று நான் சொல்ல மாட்டேன். பத்திரிகைகள் 1951லேயே அவர்களுக்கு மௌனத் தலைமுறை என்று பெயர் வைத்துவிட்டன. மௌனமாக்கியது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

கலிஃபோர்னியாவில் தேர்தல் வேட்பாளர்கள் வளாகத்துக்குள் பேசவே தடை. 1956இல் ஜனநாயகக் கட்சியின் தலைவர் அட்லாய் ஸ்டீவன்சன் பெர்க்லி மாணவர்களிடம் பேச வந்தபோது வளாகத்தின் ஓரத்தில், தெருவில் நின்றுதான் பேச வேண்டியிருந்தது. நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றின் முன்னாள் அதிபர் வேட்பாளர் அவர்! 1958 மே மாதம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் திரண்டு தலைவரின் வீட்டு மேல் முட்டை எறிந்தார்கள். வெளியே வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆண்களின் வீட்டுக்கு, மேற்பார்வைக்குப் பெரியவர் இல்லாமல் மாணவிகள் போகக் கூடாது என்ற விதியைக் கடுமையாக்க முயன்றதுதான் காரணம். சில்லறை விஷயம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அரசியலைப் பேச வழியில்லாத இடத்தில் அதிகாரத்தோடு மோதுவதற்கு ஹாஸ்டல் விதிதான் கைக்கு எட்டியது.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதிபர் ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெயரிலேயே பாதுகாப்பு இருக்கிறது. அறிவியல், கணிதம், வெளிநாட்டு மொழிகள் ஆகியவற்றுக்குப் பணம் கொட்டியது. நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சிகாகோ, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களில் தென்னாசிய மொழித் துறைகள் வளர்ந்ததற்கு இந்தப் பணம் பெரிய காரணம். அங்கே தமிழ் கற்பிக்கப்பட்டதும், பின்னர் சங்க இலக்கியம் ஆங்கில வாசகர்களைச் சென்றடைந்ததும் பனிப்போர்க் காலத்தின் இந்த ஏற்பாட்டோடு சேர்ந்த கதை. அந்த இலக்கியத்தின் மொழிபெயர்ப்பால் உலகப் புகழ் பெற்ற ஏ. கே. ராமானுஜன் அறுபதுகளின் தொடக்கத்தில் சிகாகோவில்தான் ஆசிரியராகச் சேர்ந்தார்.

பணத்தோடு நிபந்தனையும் வந்தது. இந்தச் சட்டத்தின்படி கடன் வாங்கும் மாணவன் அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பிரமாணம் எடுக்க வேண்டும். அரசைக் கவிழ்க்க நினைக்கும் எந்த அமைப்பையும் ஆதரிக்கவில்லை என்று தனியாக எழுதியும் தர வேண்டும். ஏழை மாணவன்தான் கடன் வாங்குவான் என்பதால் அவன் விசுவாசத்தை மட்டும் சோதிப்பது என்ன நியாயம் என்று பலர் கேட்டார்கள். ஹார்வர்ட், யேல் உட்படப் பல கல்லூரிகள் கடன் திட்டத்திலிருந்து விலகின. செனட்டராக இருந்தபோதே ஜான் கென்னடி அந்த எழுத்துமூல உறுதியை நீக்க முயன்றார். அவர் அதிபரான பிறகு 1962இல் அது நீங்கியது.

மாணவர் அரசியலைப் பற்றிய புத்தகங்களில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. அந்த உறுதிமொழி வேண்டும் என்று கேட்டும் மாணவர்கள் சிலர் குழு அமைத்தார்கள். டக்ளஸ் கேடி, டேவிட் ஃபிராங்க் என்ற இருவர் அதை முன்னின்று நடத்தினார்கள். அவர்களும் அவர்களைப் போன்ற மற்ற மாணவர்களும் 1960 செப்டம்பரில் கனெக்டிகட்டின் ஷேரன் என்ற ஊரில், பத்திரிகையாளர் வில்லியம் பக்லியின் குடும்ப வீட்டில் கூடி, சுதந்திரத்துக்கான இளம் அமெரிக்கர்கள் என்ற வலதுசாரி அமைப்பைத் தொடங்கினார்கள். இடதுசாரி மாணவர்களின் புகழ்பெற்ற போர்ட் ஹியூரன் அறிக்கை வந்தது 1962 ஜூனில்தான். அதாவது வலதுசாரி மாணவர்கள் தங்கள் கொள்கை அறிக்கையை ஏறக்குறைய இரண்டு ஆண்டு முந்தியே எழுதிவிட்டார்கள். 1964இல் பேரி கோல்ட்வாட்டரை அதிபர் வேட்பாளராக்கியதிலும், பின்னர் ரொனால்ட் ரீகனின் எழுச்சியிலும் இவர்களின் உழைப்பு இருந்தது. அறுபதுகளின் வளாகம் இடதுசாரிகளை மட்டும் பெற்றெடுத்தது என்று நினைத்தால், அதன் பிறகு வந்த அமெரிக்க அரசியல் புரியாமலே போகும்.

மாணவர்களின் பெயரால் பேசிய பொது அமைப்பு எங்கே இருந்தது என்று கேட்கலாம். இருந்தது. தேசிய மாணவர் சங்கம் 1947இல் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் தொடங்கப்பட்டது. நாடு முழுக்க மாணவர் பேரவைகள் அதில் உறுப்பினர்கள். ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து அதன் வெளிநாட்டுப் பணிகளுக்கான செலவில் பெரும்பகுதியை, அறக்கட்டளைகள் வழியாக, சி.ஐ.ஏ. ரகசியமாகக் கொடுத்துவந்தது. சங்கத்தின் தலைவர்களில் சிலருக்குத் தெரியும். ரகசியம் காக்கக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சாதாரண உறுப்பினர்களுக்குத் தெரியாது. 1967 தொடக்கத்தில் ராம்பார்ட்ஸ் என்ற பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது. ஆசிரியர்களிடம் விசுவாசத்தை எழுதி வாங்கிய அதே ஆண்டுகளில் மாணவர்களின் சங்கத்தையே உள்ளிருந்து நடத்தியிருக்கிறார்கள். பொறுப்பான மாணவர் அரசியல் என்று நிர்வாகங்கள் அன்றைக்குப் பாராட்டியது இதைத்தான்.

சரி, உடைத்தவர்களிடம் வருவோம்.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள் ஊல்வொர்த் கடைக்குள் போனார்கள். எசல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசஃப் மெக்நீல். நான்கு பேரும் அதே ஊரில் இருந்த வேளாண்மை, தொழில்நுட்பக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள். கடையில் பற்பசையும் நோட்டும் அவர்களுக்கு விற்பார்கள். ஆனால் சாப்பாட்டு கவுண்டரில் வெள்ளையர் மட்டுமே உட்காரலாம். நால்வரும் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கிடைக்கவில்லை. கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் சிலர், அடுத்த நாள் இன்னும் பலர். இரண்டு மாதத்துக்குள் தெற்கின் பல நகரங்களில் இது பரவியது.

டென்னசியின் நாஷ்வில் நகரில் மாணவர்கள் ஏற்கெனவே பயிற்சி எடுத்துத் தயாராக இருந்தார்கள். அடித்தால் எப்படிக் குனிவது, எச்சில் துப்பினால் எப்படி அமைதியாக இருப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். ஐம்பதுகளில் நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றி, காந்தியின் போராட்ட முறைகளை அங்கே இருந்து படித்தவர் அவர். நாஷ்வில் மாணவர்களில் டயான் நாஷ், ஜான் லூயிஸ் இருவரையும் பின்னாளில் உலகம் அறிந்தது. லாசனை 1960 மார்ச்சில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இறையியல் படிப்பிலிருந்து நீக்கியது.

அலபாமாவின் மான்ட்கமரியில் பிப்ரவரி 25 அன்று நடந்ததை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் இது எல்லா மாணவர்களின் நிலையையும் மாற்றியது. அங்கிருந்த அரசுக் கறுப்பினக் கல்லூரியின் மாணவர்கள் ஏறக்குறைய 30 பேர் மாவட்ட நீதிமன்றக் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்த உணவகத்துக்குப் போய்ச் சாப்பாடு கேட்டார்கள். கொடுக்கவில்லை. அவர்களை வெளியேற்றினார்கள். ஆளுநர் ஜான் பேட்டர்சன் மாநிலக் கல்வி வாரியத்தின் தலைவரும் ஆவார். அவர் கல்லூரித் தலைவரிடம் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். சில நாட்களில் வாரியம் கூடி ஒன்பது பேரைக் கல்லூரியிலிருந்து நீக்கியது. விசாரணை இல்லை. என்ன குற்றம் என்று முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. தபாலில் கடிதம் வந்தது, அவ்வளவுதான்.

அந்த மாணவர்களின் குடும்பங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பலருக்கு வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்கள்தான். கல்லூரியின் சம்பளமும் கட்டிடமும் வெள்ளையர் நடத்தும் மாநில அரசிடமிருந்து வருகிறது. தலைவர் நினைத்தாலும் அவர்களைக் காப்பாற்ற முடியாது. அவரே பிள்ளைகளுக்கும் ஆளுநருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். இந்த நிலையிலும் மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1961 ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரி ஒரு மாணவனை ஒழுங்கு நடவடிக்கையில் நீக்குவதற்கு முன் குற்றம் என்னவென்று சொல்லி, அவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. டிக்சன் வழக்கு என்று இதைச் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். எங்கே சாப்பிடுவது என்று கல்லூரி முடிவு செய்யலாம் என்ற 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பின் காலம் இதோடு முடியத் தொடங்கியது. வெள்ளை மாணவர்கள் பிற்பாடு தங்கள் வளாகங்களில் பெற்ற பல பாதுகாப்புகள் இந்த ஒன்பது பேரின் டி.சி.க்கு மேல் கட்டப்பட்டவை. அவர்கள் பெயர்கள் எந்தப் பல்கலைக்கழகச் சதுக்கத்திலும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

1960 ஏப்ரலில் எல்லா பேக்கர் என்ற கறுப்பினப் பெண் தலைவரின் முயற்சியால் வட கரோலினாவின் ஷா பல்கலைக்கழகத்தில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. பெரியவர்களின் அமைப்புகளுக்கு இளைஞர் அணியாக ஆகிவிடாதீர்கள், நீங்களே முடிவெடுங்கள் என்று பேக்கர் வலியுறுத்தினார். வடக்கின் வெள்ளை மாணவர்கள் அரசியலைக் கற்றுக்கொண்டது இங்கிருந்துதான். போர்ட் ஹியூரன் அறிக்கையின் முதல் வரைவை எழுதிய டாம் ஹேடன், மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். தெற்கில் இந்த இயக்கத்தோடு இருந்து அடி வாங்கியவர்.

கலிஃபோர்னியாவிலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. 1960 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் கம்யூனிஸ்டுகளைத் தேடும் நாடாளுமன்ற விசாரணைக் குழு வந்து உட்கார்ந்தபோது படிக்கட்டில் அமர்ந்து எதிர்த்த மாணவர்கள் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கீழே தள்ளினார்கள். அப்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர் கிளார்க் கெர். பொருளாதார அறிஞர், தொழிலாளர் தகராறுகளைத் தீர்ப்பதில் தேர்ந்தவர். உறுதிமொழிச் சண்டையில் கையெழுத்திட மறுத்தவர்களுக்காக ஆட்சிக் குழுவிடம் வாதாடியவர் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் காலத்தில் 1960இல் வந்த மாநிலத் திட்டம் உலகமே பார்த்து வியந்த ஒன்று: பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்குப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரி, மற்ற எல்லாருக்கும் சமுதாயக் கல்லூரி. மாநிலத்தவருக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. இப்படிப்பட்டவரும் 1959இல், இந்தத் தலைமுறையை வேலை கொடுப்பவர்களுக்குப் பிடிக்கும், கலவரம் எதுவும் வராது என்று சொல்லியிருந்தார்.

1964 கோடையில் மிசிசிப்பிக்குக் கறுப்பின வாக்காளர்களைப் பதிவு செய்ய வடக்கு மாணவர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். ஜூன் மாதத்தில் மூன்று தொண்டர்கள் கொல்லப்பட்டார்கள். அங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்களில் ஒருவர் மரியோ சாவியோ. செப்டம்பரில் பெர்க்லிக்கு வந்தால், வளாக வாசலில் மேசை போட்டு நிதி திரட்டிய நடைபாதைத் துண்டு மாநகராட்சிக்குச் சொந்தமில்லை, பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், இனி அங்கே அரசியல் கூடாது என்று டீன் அலுவலகம் சுற்றறிக்கை விட்டிருந்தது. மிசிசிப்பியில் உயிரைப் பணயம் வைத்துப் பேசியவனுக்கு இந்தத் தடை எப்படி இருந்திருக்கும்? அக்டோபர் 1 அன்று மேசையில் உட்கார்ந்திருந்த ஜாக் வைன்பர்க்கை போலீஸ் கைது செய்து காரில் ஏற்றியது. மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் நகரவில்லை. பேச வந்தவர்கள் காரின் கூரைக்குச் சேதம் வரக் கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பேசினார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் மாணவர்கள் நிர்வாகக் கட்டிடத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தி, சுமார் 800 பேர் கைதானார்கள். டிசம்பர் 8 அன்று ஆசிரியர் பேரவை 824க்கு 115 என்ற வாக்கில் மாணவர் கோரிக்கையை ஆதரித்தது. 31 பேரை நீக்கியபோது ஒன்றாக நிற்க முடியாமல் போன பேரவை அது. 14 ஆண்டு கழித்து அந்தக் கடனைத் தீர்த்தது என்றுதான் நான் படிக்கிறேன்.

அடுத்த மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரைப் பற்றி இரவு முழுக்க ஆசிரியர்களும் மாணவர்களும் பேசி விவாதித்தார்கள். ஏறக்குறைய 3,000 பேர் வந்தார்கள். நாட்டில் இப்படி நடந்த முதல் கூட்டம் அது. அதில் கலந்துகொள்வதற்காக மாணவிகளுக்கு அன்றிரவு மட்டும் விடுதி நேரத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். ஹாஸ்டல் விதியும் அரசியலும் தனித்தனி என்று யாராவது சொன்னால் இந்த அனுமதியை நினைத்துக்கொள்ளலாம். போரைப் பற்றிப் பேசவே ஒரு பெண் அன்றைக்கு நிர்வாகத்திடம் நேரம் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான வளாகங்களில் அந்த நேரக் கட்டுப்பாடு போய்விட்டது.

எதிர்வினையும் வேகமாக வந்தது. 1966 தேர்தலில் பெர்க்லியின் குழப்பத்தைச் சுத்தம் செய்வேன் என்று பிரசாரம் செய்து ரீகன் ஆளுநரானார். 1967 ஜனவரியில் ஆட்சிக் குழு கெர்ரை 14க்கு 8 என்ற வாக்கில் நீக்கியது. மாணவர்களுக்கு அவர் அதிகாரத்தின் முகம். ரீகனுக்கு அவர் மாணவர்களை அடக்கத் தெரியாதவர்.

தெற்கில் எதிர்வினை துப்பாக்கியாக வந்தது. 1968 பிப்ரவரியில் தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க் நகரில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த ஒரு பௌலிங் விளையாட்டுக் கூடத்தை எதிர்த்த கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் மேல் மாநிலப் போலீஸ் சுட்டதில் மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். வடக்கிலும் 1970 மே 4 அன்று ஓஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். பதினொரு நாளில் மிசிசிப்பியின் ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு பேர். கென்ட் பற்றி உலகம் முழுக்கத் தெரியும். மற்ற இரண்டு இடங்களின் பெயரும் எத்தனை பேருக்குத் தெரியும்?

1971 ஜூலையில் 26ஆம் அரசியல் சட்டத் திருத்தம் வாக்குரிமை வயதை 18 ஆக்கியது. வாக்களிக்கும் குடிமகனுக்குப் பெற்றோராக நிற்பதாகக் கல்லூரி சொல்லிக்கொள்ள அதன் பிறகு இடமில்லாமல் போனது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம், கனெக்டிகட்டின் ஒரு அரசுக் கல்லூரி இடதுசாரி மாணவர் அமைப்பின் கிளைக்கு அங்கீகாரம் மறுத்த வழக்கில், கருத்தைப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது என்றது. இதே காலத்தில்தான் ரீகனின் நெருக்கடியோடு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1970இல் மாநில மாணவர்களிடமும் புதிய கல்விக் கட்டணம் ஒன்றை வாங்கத் தீர்மானித்தது. பெயரை மாற்றி வைத்தாலும், இலவசப் படிப்பு என்ற வாக்கு அங்கிருந்து தேயத் தொடங்கியது. 1940இல் 15 லட்சமாக இருந்த அமெரிக்கக் கல்லூரி மாணவர் எண்ணிக்கை அந்த ஆண்டில் 85 லட்சத்தைத் தொட்டிருந்தது. விதிகளிலிருந்து விடுபட்டு உள்ளே வந்த முதல் பெருங்கூட்டத்தின் கையில்தான் கட்டண ரசீதும் வந்து சேர்ந்தது.